தளர்ந்த தோளுக்கு ஏற்ற பந்து

கானாடுகாத்தானில் நான் கடைசியாக வேலை பார்த்த ஹோட்டலில் ஒரு மிஷின் வாங்கியிருக்கிறார்கள். செங்கல் அளவுப் பெட்டி. கோல்ஃப் அடிப்பவருக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டால், மட்டை எவ்வளவு வேகத்தில் வந்தது, பந்து எவ்வளவு உயரம் போனது, அந்த வேகத்துக்கு எந்த வகைப் பந்து பொருந்தும் என்பது வரை செல்போனில் காட்டிவிடுகிறதாம். போன மாதம் அங்கே மேனேஜராக இருக்கும் பெண் எனக்குப் போன் செய்தார்.

"பாய், மிஷின் சரியாத்தான் சொல்லுது. ஆனா அது சொல்ற பந்தை எடுத்து நீட்டினா பெரியவுக கோவிச்சுக்கிறாக. நேத்து ஒருத்தர், 'உன் மிஷினுக்கு என்னையப் பாத்தா கெழவனாத் தெரியுதாம்மா'ன்னு கேட்டுட்டுச் சாப்பிடாமக்கூடப் போயிட்டாரு. நீங்க இருந்தப்ப என்ன செஞ்சீக?"

"நான் செஞ்சதைச் செய்யாதீகம்மா" என்றேன்.

"அப்ப அதையாவது எழுதிக் குடுங்க. செய்யக்கூடாததுன்னு ஒட்டி வைக்கிறேன்."

அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் எழுதவே உட்கார்ந்துவிட்டேன். எட்டாவதோடு நின்ற படிப்பு என்னுடையது. ஆனால் பல ஊரில் பல பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த கை.

செக்காலைப் பக்கம் பிறந்தவன் நான். அத்தா பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தார். பதினாலு வயதில் நான் வீட்டை விட்டுக் கிளம்பியபோது சண்டை எதுவும் நடக்கவில்லை. ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். மதுரையில் ஹோட்டலில் இலை எடுத்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் துணி மடித்தேன். லாரியில் கிளீனராக ஒரு மலை ஊருக்கு ஏறினேன். லாரி என்னை விட்டுவிட்டு இறங்கிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் நாலு நாள் படுத்திருந்தேன். அங்கிருந்த கோல்ஃப் கிளப்பில், குட்டைக்குள் விழுந்த பந்துகளை எடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். இடுப்பளவுக் குளிர்ந்த தண்ணீரில் நின்று, காலால் சேற்றைத் தடவி எடுக்க வேண்டும். அட்டை கடிக்கும். அன்றைக்கு வலிக்காது, மறுநாள் அரிக்கும். ஒரு வருடம் குட்டையில் இருந்தேன். பிறகு கரையேறிப் பை தூக்கினேன்.

அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் 'கேடி' என்று பெயர். அதை ஊரில் சொன்னால் போலீஸ் தேடுகிற ஆள் என்று நினைப்பார்கள் என்பதால் பை தூக்குகிறேன் என்றே சொல்லி வந்தேன். விளையாடுகிறவருடைய மட்டைகளைச் சுமந்து கூடவே நடப்பது, தூரம் சொல்வது, பந்து எங்கே விழுந்தது என்று கண்ணை எடுக்காமல் பார்ப்பது, துடைத்துக் கொடுப்பது. மலையில் ஆறு வருடம், பிறகு மலேசியாவில் இரண்டு கிளப், நடுவில் வளைகுடா நாட்டில் மணலுக்கு மேல் புல் வளர்க்கும் வேலை, திரும்பவும் மலேசியா. ஐம்பது தாண்டிய பிறகுதான் ஊருக்குத் திரும்பினேன்.

பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மலை ஊரில் ஆசீர்வாதம் மாஸ்டரிடம் தெரிந்துகொண்டது. பை தூக்குகிற எங்கள் எல்லோருக்கும் அவர்தான் மேலாள். நெட்டையான ஆள். வெயில் அடித்தாலும் சாம்பல் நிற ஸ்வெட்டர். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. குட்டையில் இறங்குகிற என்னைக்கூட "தாகிர் சார்" என்றுதான் கூப்பிடுவார். யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. தப்புச் செய்தால் நம் கையில் இருக்கும் பந்தை மெதுவாக வாங்கித் தன் ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொள்வார். அன்றைக்கு நமக்கு வேலை இல்லை என்று அர்த்தம். எதற்காக என்று சொல்ல மாட்டார். சாயங்காலம் வரை வெளியே உட்கார்ந்து நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

திங்கட்கிழமை கிளப்புக்கு விடுமுறை. அன்றைக்குத்தான் பந்துச் சோதனை. ஒரு வாளித் தண்ணீரில் பந்து மிதக்கும் அளவுக்கு உப்பைக் கரைப்பார். பந்தை அதில் போட்டுச் சுழற்றிவிடுவார். நின்றதும் மேலே தெரிகிற இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி. மறுபடி சுழற்றுவார். ஒவ்வொரு தடவையும் அதே புள்ளி மேலே வந்து நின்றால் அந்தப் பந்துக்கு ஒரு பக்கம் கனம். அது குழியை நோக்கி நேராக உருளாது என்று பயிற்சிக் கூடைக்குத் தள்ளிவிடுவார். குட்டையில் ரொம்ப நாள் கிடந்தவை தனி. பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் தூரம் போகாது.

வயதானவர்களுக்குப் பந்து தேர்ந்தெடுத்துக் கொடுப்பது அவருக்கே உரிய வேலை. அதை யாரிடமும் விடமாட்டார். எல்லோரும் பெரிய மட்டையால் ஓங்கி அடித்து, எது அதிக தூரம் போகிறது என்று பார்த்துப் பந்து வாங்குவார்கள். மாஸ்டர் குழியிலிருந்து ஆரம்பிப்பார். மூன்று வகைப் பந்து, பேர் தெரியாமல் மேலே வெள்ளைச் சாந்து தடவியது. முதலில் குழிப் பக்கத்தில் தட்டச் சொல்வார். பிறகு முப்பது அடியிலிருந்து. பிறகு நடு மட்டை. கடைசியில்தான் பெரிய மட்டை. அதுவும் காலையில் ஒரு தடவை, ஆட்டம் முடிந்து கை ஓய்ந்த பிறகு ஒரு தடவை.

"ஓய்ஞ்ச கைதான் உண்மை பேசும் சார்" என்பார்.

பந்துகளை வரிசையாக வைத்ததும் அவர் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வார். தன் முகத்தைப் பார்த்து அவர்கள் முடிவு எடுத்துவிடக் கூடாதாம். அவர்களே ஒன்றை எடுத்து நீட்டிய பிறகுதான் திரும்புவார்.

எங்களுக்கு அவர் போட்டிருந்த சட்டம் இரண்டு. கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும், கேட்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு தூக்க வேண்டும். ஆட்டக்காரர் சொல்லாமல் அவர் பந்தின் மேல் கை வைக்கக் கூடாது.

இப்போது பந்து விஷயம். கோல்ஃப் பந்து பார்க்கக் கல் மாதிரி இருக்கும். ஆனால் மட்டை படுகிற அந்த ஒரு நொடித் துணுக்கில் அது நசுங்கி, திரும்ப விரிந்து கிளம்புகிறது. உள்ளே ரப்பர் கரு, மேலே தோல். விலை கூடின பந்தில் இடையில் இன்னும் சில அடுக்குகள் இருக்கும். கரு கெட்டியாக இருந்தால் நசுக்குவதற்கு வேகமான வீச்சு வேண்டும். இளம் கைக்கு அது உண்டு. எழுபது வயதுத் தோளுக்குக் கிடையாது. அவர் கெட்டிப் பந்தை அடித்தால் 'டக்' என்று கல்லில் பட்ட சத்தம் கேட்கும், கைக்கு அதிர்வு வரும், பந்து தாழ்வாகவே போய்ச் சீக்கிரம் விழும். மெத்தென்ற கரு உள்ள பந்து 'தொப்' என்று கிளம்பும். கொஞ்சம் உயரமும் எடுக்கும்.

இதனால் தூரம் ரொம்பக் கூடிவிடும் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். பத்தடி, மிஞ்சினால் இருபதடி. பெரிய வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. கைக்கு வலி வராததால் அவர் பந்தை முரட்டுத்தனமாக அடிப்பதை நிறுத்திவிடுவார். முரட்டு அடி நின்றால் வீச்சு தானாக ஒழுங்குக்கு வந்துவிடும். பந்து செய்கிற வேலை பாதி, பந்தை நம்பி உடம்பு செய்கிற வேலை பாதி.

கானாடுகாத்தான் மைதானத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டை ஹோட்டலாக்கினபோது, அதற்குப் பின்னாலிருந்த செம்மண் பொட்டலில் ஆறு குழி வெட்டினார்கள். புல் வளர்க்கத் தண்ணீர் கிடையாது. அதனால் குழியைச் சுற்றிப் புல்தரைக்குப் பதிலாக எண்ணெய் விட்டுப் பிசைந்த மணல் வட்டம். பந்தைத் தட்டும் முன்பு ஒரு பலகையை இழுத்து மணலை வழித்துப் பாதை போட்டுக்கொள்ள வேண்டும். விலை கூடின பந்தை எல்லோரும் எதற்கு வாங்குகிறார்கள் என்றால், அது புல்தரையில் விழுந்ததும் சுழன்று பின்னுக்கு வந்து நிற்கும். எங்கள் மணலில் எந்தப் பந்தும் அப்படி நிற்காது. எனவே சுழற்சிக்காகச் செலவழிப்பது இங்கே வீண். வெயில் சூட்டில் பந்து துள்ளலாகவும் இருக்கும். இளகிய கரு உள்ள சாதாரண இரண்டடுக்குப் பந்துதான் இந்த ஊருக்கும் வயதானவருக்கும் பொருந்தும். நாலாவது குழிக்கு ஊருணியைத் தாண்டி அடிக்க வேண்டியிருப்பதால் பந்துக்குக் கொஞ்சம் உயரம் அவசியம்.

இதையெல்லாம், நான் அங்கே பை தூக்கிய வள்ளியப்பன் அய்யாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

அவர் ஹோட்டலிலிருந்து மூன்று தெரு தள்ளியிருந்த தன் சொந்த வீட்டில் மனைவியோடு இருந்தார். ரங்கூன், பினாங்கு என்று தொழில் செய்த குடும்பம். எழுபத்துநாலு வயது. வலது தோள் இறுகிப்போய்ப் பாதி வரைக்கும்தான் மேலே வரும். இருந்தாலும் தினமும் காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வந்துவிடுவார். அதைத் தவிர அவர் வீட்டை விட்டு வெளியே வருவது கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்தான். மகன் வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாகப் பந்து அனுப்புவான். டிவியில் வருகிற பெரிய ஆட்டக்காரர்கள் அடிக்கிற அதே கெட்டிப் பந்து.

"அய்யா, இதை விட்டுட்டு இதை ஒருக்கா அடிச்சுப் பாருங்க" என்று ஒருநாள் மெத்தென்ற பந்துப் பெட்டியை நீட்டினேன். என் கெட்ட நேரம், அந்தப் பெட்டி ரோஸ் கலர். மேலே ஒரு பெண் மட்டையை வீசுகிற படம்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். "என்ன பாய், எனக்கு வளையலும் வாங்கியாந்திருக்கீகளா?"

"பந்துக்குள்ள ஆம்பளை பொம்பளை இல்லைய்யா."

"பெட்டி மேல இருக்கே. மூடி வைங்க."

நான் மூடி வைத்தேன். அதோடு விட்டிருக்க வேண்டும்.

கார்த்திகையில் நல்ல மழை. ஊருணி நிரம்பி அகலமாகிவிட்டது. ஒருநாள் காலை அவர் எட்டுப் பந்து அடித்தார், எட்டும் தண்ணீருக்குள் போயின. எட்டாவதுக்குப் பிறகு தோளைப் பிடித்துக்கொண்டு கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "காத்து எதிர்க்க அடிக்குது" என்றார். காற்றே இல்லை. மரத்தில் இலை அசையவில்லை. நான் ஆமாம் என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலம் ரோஸ் பெட்டியிலிருந்து பன்னிரண்டு பந்தையும் எடுத்தேன். அய்யாவுக்கு ஓர் அடையாளம் உண்டு. தன் பந்து எது என்று தெரிவதற்காக ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் அடுத்தடுத்து மூன்று கோடு, திருநீற்றுப் பட்டை மாதிரி. நான் மெத்தென்ற பந்துகளில் அதே மூன்று கோட்டைப் போட்டு, அவர் பையில் இருந்தவற்றை எடுத்துவிட்டு இவற்றை வைத்தேன். இரண்டும் வெள்ளை. கம்பெனி பேர் மட்டும்தான் வேறு. அதைப் படிக்க அவருக்குக் கண்ணாடி வேண்டும், ஆட்டத்தில் கண்ணாடி போட மாட்டார். இடுப்பு குனிய முடியாததால் முதல் அடிக்குத் தரையில் குத்துகிற மர ஆணி மேல் பந்தை வைத்துக் கொடுப்பதும் நான், குழியிலிருந்து எடுத்துத் துடைப்பதும் நான்தான். அவர் கையில் பந்து தங்குகிற நேரமே கிடையாது.

மாஸ்டர் போட்ட இரண்டாவது சட்டத்தை முப்பத்தைந்து வருடம் கழித்து மீறினேன். நல்லது செய்கிறேன் என்ற நினைப்புத்தான்.

மூன்றாம் நாள் பந்து ஊருணியைத் தாண்டிவிட்டது. ஒரு வாரத்தில் பத்துக்கு எட்டு தாண்டியது. அய்யாவின் முகமே மாறிவிட்டது. அவருடைய மனைவி மீனாட்சி ஆச்சி தினமும் தோளுக்குத் தைலம் தேய்த்துவிடுவார்கள்.

"தைலம் வேலை செய்யுது பாய். ஆச்சி கை ராசி. டாக்டருக்குக் குடுத்த காசெல்லாம் தெண்டம்."

"ஆமாங்கய்யா."

"சத்தத்தைக் கேட்டீகளா? எப்புடிக் கனிஞ்சு விழுகுது பாருங்க. தோள் எறங்கிக் குடுக்குது."

"ஆமாங்கய்யா."

ஒவ்வொரு ஆமாமும் அடுத்த நாள் உண்மையைச் சொல்வதைக் கொஞ்சம் கடினமாக்கியது. நான் நினைக்காதது ஒன்று பொங்கலுக்கு நடந்தது. ஆச்சியின் தம்பி லெட்சுமணன் சென்னையிலிருந்து வந்தார். அறுபது வயது, பெரிய உடம்பு, ஓயாத பேச்சு. ஒவ்வொரு தையிலும் மச்சானும் அத்தானும் பன்னிரண்டு குழி ஆட்டம் ஒன்று ஆடுவார்கள். முந்தின மூன்று வருடமும் லெட்சுமணன்தான் ஜெயித்திருந்தார்.

"என்ன அயித்தான், இந்தத் தடவையாவது ஒப்புக்குக் கொஞ்சம் கஷ்டம் குடுப்பீகளா?" என்று வந்ததும் சீண்டினார்.

அய்யா தோளைத் தூக்கிக் காட்டினார். "இந்த வருசம் நான் உன்கிட்டத் தோத்தா, அதுக்கப்புறம் மட்டையவே தொடமாட்டேன். போதுமா?"

ஹோட்டல் வரவேற்பறையில், பத்துப் பேர் காதில் விழச் சொன்னார். சொன்னால் செய்கிற ஆள். காப்பியை விடுகிறேன் என்று ஒரு தடவை சொல்லி இருபது வருடமாகத் தொடாதவர். தோள் சரியாகிவிட்டது என்று நம்பி அந்த வார்த்தையைக் கொடுத்துவிட்டார். அந்த நம்பிக்கையைக் கொடுத்தவன் நான்.

அன்றிரவே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆட்டத்துக்கு முன் ஒரு வழக்கம் உண்டு. யார் என்ன பந்து அடிக்கிறார் என்று எதிராளியிடம் சொல்லிவிட வேண்டும், பின்னால் குழப்பம் வராமல் இருக்க. லெட்சுமணன் தன்னுடையதைச் சொன்னார். அய்யா, மகன் அனுப்பிய பந்தின் பேரையும் அதில் அச்சிட்ட எண்ணையும் சொல்லி, "ரெண்டாம் நம்பர், மூணு கோடு" என்றார்.

"பந்துக்கும் பட்டை போட்டுட்டாக. சிவனே வந்து அடிக்கச் சொல்லுங்க" என்றார் லெட்சுமணன்.

நான் குனிந்து பந்தை ஆணி மேல் வைத்தேன். கம்பெனி பேர் தரையைப் பார்க்கிற மாதிரி வைத்தேன். அதுவரை அந்தக் காரியத்தைத் தந்திரம் என்று நினைத்திருந்தேன். அந்த இடத்தில்தான் அது பொய் என்று புத்திக்குப் பட்டது.

ஆறு குழியையும் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். அன்றைக்கு அய்யா ஆடிய மாதிரி நான் பார்த்ததில்லை. அவசரம் இல்லை, முரட்டு அடி இல்லை. ஊருணியை இரண்டு சுற்றிலும் தாண்டினார். லெட்சுமணனின் வாய் மெல்லக் குறைந்தது. பதினோரு குழி முடிந்தபோது இரண்டு பேரும் சமம். கடைசிக் குழி மீதி.

அதில் அய்யா அடித்த முதல் அடி வலது பக்கம் திரும்பிக் கருவேலம் புதருக்குள் போய்விட்டது. கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், ஆனால் புதருக்குள் எங்கே என்று தெரியவில்லை. தேடுவதற்கு மூன்று நிமிடம்தான் கணக்கு. அதற்குள் கிடைக்காவிட்டால் தண்டனையோடு ஆரம்ப இடத்துக்குத் திரும்பி மறுபடி அடிக்க வேண்டும். லெட்சுமணனின் பந்து நடுப்பாதையில் அழகாகக் கிடந்தது. திரும்பிப் போனால் குழியும் போச்சு, ஆட்டமும் போச்சு.

லெட்சுமணனும் கூடத் தேடினார். முள்ளை விலக்கி, "அயித்தான், இங்குட்டு ஒண்ணு கெடக்கு, மூணு கோடு இருக்கு" என்று அவரே கூப்பிட்டார்.

அய்யா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார். பந்து தன்னுடையதா என்று பார்க்காமல் அடிக்கக் கூடாது என்பதில் கறாரானவர். கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்து பந்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இது என் பந்து இல்ல."

"கோடு உங்க கோடுதானே?"

"கோடு என்னோடது மாதிரி இருக்கு. பந்து வேற. நான் சொன்ன பேர் வேற, இதுல இருக்கிற பேர் வேற. யாரோ போட்டுட்டுப் போனது. என்னோடது கிடைக்கல. விடு, திரும்பிப் போறேன்."

லெட்சுமணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஒரு நிமிசம் இருக்கு அயித்தான், தேடுவோம்."

அய்யா ஆரம்ப இடத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டார். நான் பையோடு நின்றேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பேசாமல் பின்னால் நடந்தால் போதும், ரோஸ் பெட்டி விஷயம் யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஆனால் அவர் நாளையிலிருந்து காலை ஆறு மணிக்கு எங்கேயும் போகமாட்டார்.

"அய்யா, நில்லுங்க. அது உங்க பந்துதான். நான்தான் மாத்தி வச்சேன்."

அவர் திரும்பினார். "எப்ப? காலையிலயா?"

"கார்த்திகையிலேர்ந்து."

அவர் கை தானாக வலது தோளுக்குப் போனது. அங்கே ஏதோ ஒட்டியிருக்கிற மாதிரி விரலால் தடவிப் பார்த்தார்.

"அந்த ரோஸ் பெட்டியா?"

"ஆமாங்கய்யா."

"ஆச்சிக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது."

"எனக்குந்தான் தெரியல" என்றார்.

லெட்சுமணன் சிரிப்பார் என்று நினைத்தேன். அந்த மனுஷன் சிரிக்கவில்லை. "அயித்தான், வாயால எந்தப் பேரைச் சொன்னாலும் சரி, ஆணி மேல வச்சு எதை அடிச்சீகளோ அதுதான் உங்க பந்து. சட்டம் அதுதான். ஒரு குழி முடிஞ்சு அடுத்த குழிக்குப் பந்து மாத்துறதும் தப்பில்ல. வந்து அடிங்க" என்றார். அடுத்து என்னைப் பார்த்து, "பாய், உங்களை அப்புறம் பாத்துக்கிறேன்" என்றார்.

அய்யா என் பக்கம் வந்தார். "கேக்குறேன், சொல்லுங்க. பழைய பந்துன்னா இன்னைக்கு ஊருணியத் தாண்டியிருப்பேனா?"

"ஒரு தடவை வேணா தாண்டியிருப்பீக. ரெண்டு தடவை மாட்டீக."

தலையை ஆட்டிக்கொண்டார். மட்டைக்காகக் கையை நீட்டினார். கொடுத்தேன். புதருக்குள்ளிருந்து பந்தைப் பக்கவாட்டில் தட்டி வெளியே எடுத்தார். அடுத்த அடியில் மணல் வட்டத்துக்குப் போனார். லெட்சுமணன் இரண்டாவது அடியிலேயே அங்கே வந்துவிட்டார், ஆனால் குழிக்கு ரொம்ப தூரத்தில். அவர் மணலை வழித்து இரண்டு தட்டில் முடித்தார். அய்யாவுக்கு ஒரே தட்டுத்தான் மிச்சம், ஏழெட்டு அடி தூரம். பலகையை நான் இழுக்கப் போனேன். அவரே வாங்கி இழுத்தார். தட்டினார். பந்து குழியின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது.

ஆட்டம் சமம். ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. அவர் கொடுத்த வார்த்தைக்கு வேலை வரவில்லை.

குழிக்குள் கிடந்த பந்தை எடுக்க அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு கையை மட்டையில் ஊன்றி, முழங்காலை மடக்கி, தானே குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு காருக்குப் போய்விட்டார்.

ஒன்பது நாள் வரவில்லை. ஹோட்டலில் யாரிடமும் புகார் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு வேலை போயிருக்கும், நியாயம்தான். பத்தாம் நாள் ஆறு மணிக்கு வந்து நின்றார்.

"மூணு வகைப் பந்து எடுத்தாங்க. எப்புடிச் சோதிக்கணும்னு முன்னாடி சொன்னீகளே, அப்புடி. பேர் தெரியக்கூடாது."

மாஸ்டர் செய்த மாதிரியே செய்தேன். குழியிலிருந்து ஆரம்பித்தோம். பந்துகளை வைத்துவிட்டு நான் திரும்பி நின்றேன். காலையில் ஒரு தடவை, ஆறு குழி ஆடி ஓய்ந்த பிறகு ஒரு தடவை. எல்லாம் முடிந்ததும், "பாய், திரும்புங்க" என்றார். கையில் ஒரு பந்து. நகத்தால் சாந்தைச் சுரண்டிப் பேரைப் பார்த்தார்.

"பொம்பளைக பந்துதான். இருக்கட்டும். ஒரு பெட்டி எடுத்தாங்க."

நான் பேனாவையும் எடுத்தேன். அவர் கையை நீட்டிப் பேனாவை வாங்கிக்கொண்டார். பன்னிரண்டு பந்துக்கும் அவரே மூன்று மூன்று கோடு போட்டார். அதற்குப் பிறகு மூன்று வருடம் அவருக்குப் பை தூக்கினேன். தூரம் கேட்பார், சொல்வேன். பேச்சு வார்த்தை எல்லாம் பழைய மாதிரியே இருந்தது. பந்தை மட்டும் என் கையில் தரவில்லை. ஒவ்வொரு குழியிலும் ஊன்றிக் குனிந்து அவரே ஆணி மேல் வைப்பார். பின்னால் வருகிறவர்கள் காத்து நிற்பார்கள். நானும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். அடுத்த தையில் லெட்சுமணனிடம் ஊர் கேட்க, "மச்சான், ரோஸ் பெட்டிப் பந்து, ரெண்டாம் நம்பர், மூணு கோடு, நானே போட்டது" என்று அறிவித்துவிட்டு ஆடினார். தோற்றார். ஆனால் அந்த வருடம் அவர் யாருக்கும் எந்த வார்த்தையும் கொடுத்திருக்கவில்லை.

மேனேஜர் அம்மாவுக்கு என் பதில் இதுதான். மிஷின் சொல்வதை நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள், அவர்களிடம் நீட்டாதீர்கள். பெட்டியைக் கண்ணில் காட்டாதீர்கள். மூன்று பந்தை வைத்துவிட்டுத் திரும்பி நில்லுங்கள். கெட்டிப் பந்தையே எடுத்தால் அதையே அடிக்கட்டும், தண்ணீரில் விழட்டும், நீங்கள் துடைத்துக் கொடுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் அவர்களுக்கு நல்லது செய்யப் போகாதீர்கள்.

நான் வேலையை விட்ட அன்றைக்கு அய்யா தன் காரில் என்னைச் செக்காலையில் விடுவதாகச் சொன்னார். டிரைவர் ஓட்டினார். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். பள்ளத்தூர் தாண்டும் வரை மழையைப் பற்றிப் பேசினார், மகனைப் பற்றிப் பேசினார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அந்த ரெண்டு மாசம் எனக்குத் தோளு நெசமாவே நல்லா இருந்துச்சு பாய்."

அவர் குரலில் கோபம் இல்லை. நன்றி என்றும் சொல்ல முடியாது. அதற்குள் கார் நின்றுவிட்டது.

"செக்காலை வந்துருச்சு" என்றார். "பாத்து எறங்குங்க."